பழைய ப்ராசஸர்: விரட்டுவதா, மாற்றுவதா?

சித்திரை மாதத்து மத்தியானம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஸ்கூட்டரில் காலடியில் கம்ப்யூட்டர் கேபினெட்டை நிற்க வைத்து ஓட்டி வந்து, என் மேஜைமேல் இறக்கினார். "தம்பி, முகூர்த்த சீசன். ஆல்பம் டிசைன் பண்ண உட்கார்ந்தா ஒரு போட்டோ திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். இத ஓவர்கிளாக் பண்ணிக் குடு. வீடியோல பாத்தேன், காசே செலவில்லையாம்."

திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற என்னிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். ஓவர்கிளாக் என்பது ப்ராசஸரை, கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. சிலருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் வேகம். வேறு சிலருக்கு, தொட்டால் கம்ப்யூட்டர் வெடித்துவிடும் என்ற பயம். இந்த இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்து சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "ப்ராசஸர் பழசாயிடுச்சு சார், அதான் ஸ்லோ." அங்கேதான் முதல் தப்பு. ப்ராசஸர் மாடு இல்லை, வயதானால் நடை தளர்வதற்கு. 2012-இல் 3.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லு, சூடும் கரண்டும் ஒழுங்காக இருந்தால் இன்றும் அதே 3.2-இல்தான் ஓடும். அதன் தலையில் நாம் ஏற்றும் சுமை கூடியிருக்கிறது. அதைச் சுற்றியுள்ளவை தளர்ந்திருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுத் தையல் கடைக்குப் போகலாம்.

தீபாவளிக்கு முந்தின வாரத்துத் தையல் கடை

கடையில் நான்கு டெய்லர்கள். ஆளுக்கொரு மெஷின். பக்கத்தில் ஒரு மேஜை, அதில் இன்று தைக்க வேண்டிய வெட்டிய துணிகள். மீதித் துணி மூட்டைகள் பரண்மேல். மூலையில் ஒரு பையன், தைத்து முடித்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைக்கிறான்.

ப்ராசஸர் என்பது கணக்குப் போடும் சில்லு. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு டெய்லருக்கும் கோர் என்று பெயர். கைக்கெட்டும் மேஜைதான் ரேம், அதாவது இப்போது நடக்கும் வேலைக்கான தற்காலிக இடம். பரண்தான் ஹார்டுடிஸ்க். மேஜை சின்னதாக இருந்தால் டெய்லர் நிமிடத்துக்கொரு தரம் பரண் ஏறி இறங்க வேண்டும். அவர் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் ஏணியில் இருக்கும்போது ஒரு தையல்கூட விழாது.

காஜா பையனையும் மறந்துவிட வேண்டாம். நான்கு டெய்லர்களும் சேர்ந்து மணிக்கு எட்டுச் சட்டை தைக்கிறார்கள், பையன் மணிக்கு ஐந்துதான் முடிக்கிறான் என்றால் கடையிலிருந்து வெளியே போவது ஐந்துதான். டெய்லர்களை இன்னும் விரட்டினால் பையன் முன்னால் குவியல் உயரும், வேறொன்றும் நடக்காது.

மிதிக்கும் வேகம் மட்டுமே வேகம் இல்லை

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஜிகாஹெர்ட்ஸ் என்பது கிளாக், அதாவது துடிப்பு. விநாடிக்கு 100 கோடி துடிப்பு ஒரு ஜிகாஹெர்ட்ஸ். 3.2 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 320 கோடி. அந்த ஒரு துடிப்பு நேரத்துக்குள் வெளிச்சமே ஒன்பது செண்டிமீட்டர்தான் ஓடும், அரைச் சாண்கூட இல்லை. நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் துடிப்பு என்பது மிதிக்கும் வேகம் மட்டுமே. ஒரு மிதிக்கு எத்தனை தையல் விழுகிறது என்பது வேறு கணக்கு. கைதேர்ந்த டெய்லர் மெதுவாக மிதித்தும் அதிகம் தைத்துவிடுவார். புதிய தலைமுறைச் சில்லுகள் ஒரே துடிப்பில் பழையதைவிட அதிக வேலையை முடிக்கின்றன. அதனால்தான் 2012-இன் 3.4 ஜிகாஹெர்ட்ஸையும் இன்றைய 3.4 ஜிகாஹெர்ட்ஸையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மூன்றாவது, டெய்லர்களின் எண்ணிக்கை. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்துச் சட்டையை நான்கு பேர் பிரித்துக்கொள்ளலாம், ஒரே சட்டையின் காலரை நான்கு பேர் சேர்ந்து தைக்க முடியாது. வீடியோ ரெண்டரிங், அதாவது வெட்டி ஒட்டிய வீடியோவை இறுதிக் கோப்பாக்குவது, பத்துச் சட்டை மாதிரி. எக்ஸெல்லில் ஒன்றையொன்று நம்பியிருக்கும் நீண்ட கணக்கு காலர் மாதிரி.

சுருக்கமாகச் சொன்னால்: துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை, எத்தனை கோர் என்று மூன்றும் சேர்ந்ததுதான் ப்ராசஸரின் வேகம். ஓவர்கிளாக் தொடுவது இதில் முதலாவதை மட்டும்.

ஓவர்கிளாக் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலான ப்ராசஸர்களில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஓர் எண்ணால் பெருக்கித்தான் ஓடும் வேகம் வருகிறது. அந்த எண்ணுக்குப் பெருக்கெண் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 2011-இல் வந்த இன்டெல் ஐ5-2500கே-யின் பெருக்கெண் 33, ஆகவே 3.3 ஜிகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் எழும்போதே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்குள் போய் 33-ஐ 44 என்று மாற்றினால் 4.4. அவ்வளவுதான் ஓவர்கிளாக். வீடியோவில் காட்டுவதும் இதுவரைதான்.

காட்டாதது இது. சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அதாவது மிகச் சிறிய மின் சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் அவை பூஜ்யமா ஒன்றா என்று ஒரு நிலைக்கு வந்து அமர வேண்டும். அமர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளி குறையக் குறைய, அந்தக் கூட்டத்திலேயே சோம்பேறியான பாதை அமர்வதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். துணி நகர்வதற்கு முன்பே ஊசி இறங்கினால் தையல் ஒரே இடத்தில் குவியும் இல்லையா, அந்த மாதிரி. தையல் மெஷினில் ஊசியும் துணி தள்ளும் பல்லும் ஒரே சக்கரத்தில் கோத்திருப்பதால் இது நடப்பதில்லை. ப்ராசஸரில் நடக்கும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று பதிவாகும்.

இதற்கு வைத்தியம், வோல்டேஜைக் கூட்டுவது. அழுத்தம் கூடினால் சுவிட்சுகள் சீக்கிரம் அமரும். ஆனால் அதற்கான விலை சூடு, அதுவும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. சுவிட்சுகள் மாறிமாறி விழுவதால் உண்டாகும் சூடு, துடிப்போடு ஒரு மடங்காகவும் வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். என் பழைய 2500கே-யில் நான் வைத்திருந்த கணக்கையே போட்டுப் பார்க்கலாம். வேகம் 3.3-இலிருந்து 4.4, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வோல்டேஜ் 1.20-இலிருந்து 1.35. 1.35-ஐ 1.20-ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறக்குறைய 1.27. அதை 1.33-ஆல் பெருக்கினால் 1.69. வேகம் 33 சதவீதம் ஏறியதற்குச் சூடு கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறிவிட்டது.

இன்டெல் கம்பெனியே இந்தச் சுவரில் முட்டியிருக்கிறது. 2004-இல் பென்டியம் 4-ஐ 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனது. அடுத்து 4 என்று திட்டம் போட்டு, அதே ஆண்டில் கைவிட்டது. அப்புறம்தான் தொழிலே டெய்லரை விரட்டுவதை விட்டுவிட்டு டெய்லர் எண்ணிக்கையைக் கூட்டும் பக்கம் திரும்பியது.

இன்னொன்று, எல்லாச் சில்லிலும் பெருக்கெண்ணை மாற்ற முடியாது. இன்டெல்லில் பெரும்பாலும் பெயரின் கடைசியில் கே எழுத்து இருந்தால்தான் பூட்டு திறந்திருக்கும். அதுவும் எந்த மதர்போர்டிலும் இல்லை (எல்லாப் பாகங்களும் உட்காரும் பலகைதான் மதர்போர்டு), இசட் வரிசை போன்ற அதற்கென்றே வந்த போர்டுகளில். போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-யின் ரைசன் டெஸ்க்டாப் சில்லுகள் பெரும்பாலும் திறந்தே வரும், ஆனால் ஏ320 போன்ற மலிவு போர்டு அனுமதிக்காது. ஸ்டுடியோ அண்ணன் கொண்டுவந்தது ஐ5-3470, எச்61 போர்டு. பூட்டிய சில்லு, சாவித் துளையே இல்லாத போர்டு. சரி, அடிப்படைத் துடிப்பான 100-ஐயே ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அந்தத் தலைமுறையில் ஹார்டுடிஸ்க் இணைப்பிலிருந்து எல்லாமே அந்த ஒரே துடிப்பில்தான் தொங்குகிறது. ஐந்து சதவீதம் ஏற்றினாலே ஏதாவது ஒன்று சண்டித்தனம் பண்ணும்.

கடலூர் வெயிலும் உப்புக் காற்றும்

ஓவர்கிளாக் செய்வதற்கு முன்பு, வீடியோவில் ஏசி அறையில் சில்லு 71 டிகிரி காட்டும். ஹீட்சிங்க் என்கிற உலோக விசிறித் தகடு, சில்லின் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறை 26 டிகிரியில் இருக்கும்போது சில்லு 71 என்றால், வித்தியாசம் 45. அதே கம்ப்யூட்டரைக் கத்திரி வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே 38 டிகிரி அறையில் வைத்தால் 83. ஓவர்கிளாக் செய்யாமலே இந்த நிலை.

100 டிகிரியை ஒட்டி வரும்போது ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். இதற்கு நேரெதிர் டர்போ, அதாவது சூட்டுக்கும் கரண்டுக்கும் இடம் இருந்தால் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்வது. ஐ5-3470-இன் எழுதப்பட்ட வேகம் 3.2 ஜிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.6 வரை தொடும்.

அண்ணனின் கேபினெட்டைத் திறந்தேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அதற்குள் ஒரு பல்லி முட்டை ஓடு. இன்டெல்லோடு வரும் ஃபேனை நான்கு பிளாஸ்டிக் முளைகள் போர்டில் பிடித்திருக்கும். அதில் ஒன்று துளையை விட்டு எழும்பி, ஃபேன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டி ஓரத்தில் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. திறப்பதற்கு முன்பு வேகத்தைப் பார்த்திருந்தேன்: 1.6 ஜிகாஹெர்ட்ஸ், வெப்பம் நூறை ஒட்டி. துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து, முளையை 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திவிட்டு ஓடவிட்டால் 3.4, வெப்பம் 70 சொச்சம். ஓவர்கிளாக் கேட்டு வந்த மெஷின், இத்தனை நாளும் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை உப்பு. தேவனாம்பட்டினத்திலிருந்தும் புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்தும் வரும் பெட்டிகளில் தாமிரம் தெரியும் இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் ஃபேனின் அச்சும் சீக்கிரம் இறுகும். இங்கே வருடத்துக்கு ஒரு தரமாவது மெஷினைத் திறந்து துடைக்க வேண்டும். வெளியூர்க்காரர் இரண்டு வருடம் என்றால் நம் கணக்கு வேறு.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 4.4-இல் ஓட்டிய அந்த 2500கே, மார்கழியில் சுத்தமாக ஓடியது. பெருமை தாங்கவில்லை. மே மாதம் உறவில் ஒரு கல்யாணம். கேமரா கார்டிலிருந்த படங்களைச் சுருக்கி ஒரே கோப்பாக வைத்துவிட்டு, கார்டை அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் தொங்கவில்லை, நீலத் திரை வரவில்லை, ஓர் எச்சரிக்கைகூட இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. தாலி கட்டும் நேரத்துப் படம் மூன்றும் அதில் அடக்கம். ஹார்டுடிஸ்க்தான் போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாட்டினேன். அப்புறம் சோதனை நிரல் ஒன்றை மத்தியானம் முழுக்க ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது, 90 டிகிரியைத் தாண்டினால் என் ப்ராசஸர் கணக்கைத் தப்பாகப் போடுகிறது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அத்தை இன்றைக்கும் அந்தப் படங்களைக் கேட்பார்.

ஆகவே: ஓவர்கிளாக் தோற்றால் எப்போதும் கம்ப்யூட்டர் அணைந்து சொல்லாது. சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடலாம். குளிர்காலத்தில் தேறியது கோடையில் தேறாமல் போகலாம்.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

சூட்டைச் சரிசெய்த பிறகும் அண்ணனின் போட்டோ மெதுவாகத்தான் திறந்தது. இப்போதுதான் காஜா பையனைத் தேட வேண்டும்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். அதைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு, எது மெதுவாக இருக்கிறதோ அந்த வேலையைச் செய்ய வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அண்ணனையே ஆல்பம் டிசைன் செய்யச் சொன்னேன். சிபியு, அதாவது ப்ராசஸர், 25 சதவீதம். மெமரி 4 ஜிபியில் 3.8. டிஸ்க் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை.

மேஜை நிரம்பிவிட்டது. டெய்லர்கள் பரணுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். பழைய சுழலும் ஹார்டுடிஸ்க் ஒரு கோப்பின் இடத்தைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிவிநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. அதற்குள் 3.2 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் 3 கோடியே 20 லட்சம் தரம் துடித்துவிடும், அத்தனையும் வெட்டித் துடிப்பு. சுழலும் தட்டே இல்லாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டி, அதே தேடலை ஒரு மில்லிவிநாடியின் பத்தில் ஒரு பங்கில் முடிக்கும்.

பூட்டு திறந்த சில்லாகவே இருந்து, நான் அதை 4.4-க்கு ஏற்றிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வேலை 60 நிமிடம் எடுக்கிறது, முழுக்க ப்ராசஸர் வேலை என்றால், 3.3-இலிருந்து 4.4-க்குப் போக 45 நிமிடமாகும். பாதி நேரம் ப்ராசஸர், பாதி நேரம் டிஸ்க் என்றால் அந்தப் பாதி மட்டும்தான் சுருங்கும்: 52 நிமிடம் சொச்சம். அண்ணன் கதையில் கால்வாசிதான் ப்ராசஸர். டீ குடிக்கும் நேரத்தில் ஒரு மிடறு மிச்சம் ஆகியிருக்கும்.

ரேமை 16 ஜிபி ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். எச்61 போர்டில் இரண்டே ரேம் துளை, அதற்குமேல் ஏறாது. "ப்ராசஸர மாத்திட்டியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதை அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

மாற்றுவது என்றால் எதை மாற்றுவது?

சில நேரம் குற்றவாளி நிஜமாகவே ப்ராசஸர்தான். வேலை செய்யும்போது சிபியு தொடர்ந்து 90-க்கு மேல், டிஸ்க் சும்மா இருக்கிறது, மெமரியில் இடம் இருக்கிறது, வெப்பமும் ஒழுங்கு. அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

ப்ராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய அண்ணனைத் தேடி மாட்டுவது ஒரு வழி. ஐ5-3470 இருந்த இடத்தில் ஐ7-3770 உட்காரும், சென்னை ரிச்சி தெருவில் பழையது கிடைக்கும். ஆனால் அதே தலைமுறை, அதே நான்கு டெய்லர். ஒரு டெய்லர் இரண்டு சட்டையை மாற்றி மாற்றித் தைக்கும் வித்தைதான் முக்கியமான கூடுதல். ரெண்டரிங்கில் தெரியும், போட்டோ திறப்பதில் தெரியாது. என்னைக் கேட்டால், பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம்.

ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வாங்கிய பி350 போர்டுகள் பலவற்றில், 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி மாட்ட வேண்டியதுதான். ஏஎம்4-இல் ஊசிக்கால்கள் சில்லில் இருக்கும். பழையது வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்து, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்டெல்லில் ஒரு பொறி. எல்ஜிஏ1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில், ஒரே எண்ணிக்கைப் புள்ளிகளோடு இரண்டு வகை உண்டு. 6, 7-ஆம் தலைமுறைப் போர்டில் 8-ஆம் தலைமுறைச் சில்லு உட்காரும், ஓடாது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

பழசை இழுத்துக்கொண்டே போவதா என்று முடிவெடுக்க இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். 3470-ஐ 3770 ஆக்கினாலும், வானத்துக்கு ஓவர்கிளாக் செய்தாலும் இந்த வாசல் திறக்காது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பழகத் தயார் என்றால் பழைய பெட்டி இன்னும் பல வருடம் ஓடும். பில் போடும் நிரலும் ஆல்பம் நிரலும் விண்டோஸில்தான் என்றால் போர்டு, ரேம், ப்ராசஸர் மூன்றையும் சேர்த்து மாற்றக் காசு சேர்ப்பதே வழி.

ஓவர்கிளாக் யாருக்கு? கே சில்லும் அதற்கேற்ற போர்டும் நல்ல ஹீட்சிங்க்கும் ஏற்கெனவே கையில் இருக்கிறது, விளையாட்டுக்கும் கற்றுக்கொள்ளவும்தான் மெஷின், இடையில் தொங்கினால் சிரித்துவிட்டு மறுபடி போடலாம் என்பவர்களுக்கு. தாராளமாகச் செய்யட்டும், எனக்கே கை அரிக்கும். அடுத்தவர் கல்யாணப் படம் இருக்கும் மெஷினில் நான் தொட மாட்டேன்.

ஆவணியில் மறுபடியும்

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் அண்ணன் திரும்ப வந்தார். புதுக் கேமரா வாங்கியிருக்கிறார், 4கே வீடியோ. இந்தத் தடவை டாஸ்க் மேனேஜரைத் தானே பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "தம்பி, டிஸ்க் சும்மா கெடக்கு. சிபியு நூறுலயே நிக்குது."

கேமரா எழுதுவது எச்.265 என்ற சுருக்க முறையில். புதிய ப்ராசஸர்களில் அதைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று உள்ளே இருக்கிறது. 2012-இன் 3470-இல் அது கிடையாது, நான்கு கோரும் கையால் பிரிக்கின்றன. தையல் கடையில் துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஓவர்லாக் மெஷின் இருக்குமே, அது இல்லாத கடையில் டெய்லர் ஒவ்வோர் ஓரத்தையும் ஊசி நூலால் கட்டுகிற மாதிரி. இங்கே தேவை ஓவர்லாக். ஓவர்கிளாக் செய்தால் கைத்தையல்தான் வேகமாகும்.

போர்டு, ரேம், ப்ராசஸர் புதிதாக வந்தன. எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் மாற்றச் சொல்லிவிட்டேன். எஸ்எஸ்டியும் கேபினெட்டும் பழையவையே. கழற்றிய 3470, வேறொரு பழைய கேபினெட்டுக்குள் போய், ஸ்டுடியோ முன் மேஜையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போடுகிறது. அந்த வேலைக்கு அது தாராளம்.

புதுசு எழுந்து ஓடியதும் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதையாச்சும் ஓவர்கிளாக் பண்ணலாமா?" என்றார். டர்போ வேகத்தைத் திரையில் காட்டினேன். இப்போது வரும் சில்லுகளை, சூடும் கரண்டும் இடம் கொடுக்கும் எல்லைவரை கம்பெனியே தானாக ஓடும்படி செய்து அனுப்புகிறது. நாம் கூடுதலாக எடுக்க அதில் பெரிதாக ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த எண் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஃபேனைத் துடைக்க அடுத்த சித்திரைக்குக் கொண்டுவரட்டுமா, பங்குனியிலேயே வரட்டுமா என்று கேட்டார். பங்குனி என்றேன், வெயிலுக்கு முன்னால்.